அரிய சர்ரியல் படங்களைச் சேகரிப்பாளர்கள் ஏன் விடாமல் தேடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: கனவுபோல நகரும், கதை பிடிபடாத, பெயர்கூட அதிகம் கேள்விப்படாத சர்ரியல் படங்களுக்குப் படச் சேகரிப்பாளர்கள் ஏன் இவ்வளவு பணமும் நேரமும் செலவழிக்கிறார்கள்? பெரும்பாலானவை இணையத்திலேயே கிடைக்கும்போது, ஒரே படத்தை மூன்று பதிப்புகளில் வாங்கி வைப்பதால் என்ன பயன்? புதிதாகத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

அரிய பொருள் மீது வரும் ஆசை ஓரளவு உண்டு. ஆனால் அரிய படங்கள் எல்லா வகையிலும் இருக்கின்றன. சர்ரியல் படத்துக்கென்று தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. கதைப்படத்தில் இருபது நிமிடத்தை வெட்டினால் பார்ப்பவருக்கு உடனே உறைக்கும். போன காட்சியில் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் இந்தக் காட்சியில் மணமேடையில் உட்கார்ந்திருந்தால் நடுவில் ஏதோ போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். சர்ரியல் படத்தில் அந்த உறைப்பு வராது, ஏனென்றால் அங்கே தாவல்தான் இலக்கணம். தணிக்கை வெட்டியதா, விநியோகஸ்தர் வெட்டினாரா, ரீல் மாறிவிட்டதா, இயக்குநரே அப்படி அமைத்தாரா என்பதைத் திரையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொரு பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும். அதனால் இந்த வகைப் படத்தில் சேகரிப்பது ரசனைக்கு வெளியே இருக்கும் பொழுதுபோக்கு அல்ல. படத்தை முழுதாகப் பார்ப்பதற்கே அதுதான் வழி.

பழைய உதாரணம் ஜெர்மேன் தூலாக் 1928இல் எடுத்த 'தி சீஷெல் அண்ட் த கிளர்ஜிமேன்'. திரைக்கதை அன்டோனின் ஆர்த்தோ. அமெரிக்காவில் சுற்றிய சில பிரதிகளில் ரீல்கள் வரிசை மாறியிருந்தன. பார்த்தவர்களுக்கு அது தவறாகவே படவில்லை. கனவு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டார்கள். வேறு நாட்டுப் பிரதியோடு ஒப்பிட்டவர்களுக்குத்தான் வித்தியாசம் புலப்பட்டது.

வோய்ச்சேக் ஹாஸ் இயக்கிய போலந்துப் படம் 'தி சரகோசா மானுஸ்கிரிப்ட்' (1965) இன்னும் தெளிவான வழக்கு. ஒருவர் சொல்லும் கதைக்குள் இன்னொருவர் வந்து கதை சொல்வார், அதற்குள் மூன்றாமவர். மூல நீளம் 182 நிமிடம். அமெரிக்காவுக்குப் போனது 147 நிமிடம், பிரிட்டனுக்குப் போனது 125 நிமிடம். அடுக்கடுக்கான கதைகளில் ஓர் அடுக்கை உருவிவிட்டால் படம் நின்றுபோவதில்லை, கொஞ்சம் கூடுதலாகப் புதிர் போடும், அவ்வளவுதான். பார்த்தவர்கள் அந்தக் கூடுதல் புதிரையும் ஹாஸின் கணக்கில் எழுதினார்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ஜெர்ரி கார்சியா முழுப் பிரதியைத் தேடிப் பணம் போட்டார். 1995இல் அவர் இறந்த பிறகு மார்ட்டின் ஸ்கோர்செஸியும் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவும் வேலையைத் தொடர்ந்ததால் 182 நிமிட வடிவம் மறுபடி வெளியே வந்தது. அன்ட்ஜே ஜுவாவ்ஸ்கியின் 'பொசெஷன்' (1981) 124 நிமிடம். அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது அது சுமார் 80 நிமிடமாகியிருந்தது.

செர்கேய் பராஜானோவின் 'தி கலர் ஆஃப் பொமிக்ரனேட்ஸ்' (1969) வேறு மாதிரி. அங்கே நீளத்தைவிட வரிசைதான் சிக்கல். அர்மேனியாவில் வெளியான வடிவம் ஒன்று. செர்கேய் யூத்கேவிச் மறுதொகுப்பு செய்து சோவியத் ஒன்றியத்தின் மற்ற பகுதிகளுக்கு அனுப்பிய வடிவம் இன்னொன்று. இரண்டாவதில் சில காட்சிகள் இடம் மாறின, சில போயின. பல ஆண்டுகள் வெளிநாடுகளில் மக்கள் பார்த்து வியந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். 2014இல் வந்த புதுப்பித்த பிரதி அர்மேனிய வடிவத்தைப் பின்பற்றியது. இயக்குநரைப் பற்றிய பழைய கட்டுரை எதையாவது படிக்கும்போது, எழுதியவர் எந்த வடிவத்தைப் பார்த்திருப்பார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நீளத்தை வைத்துப் பிரதியை எடைபோடுவதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். திரையரங்கில் படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருந்த பால் முறைத் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது நொடிக்கு 25 ஃப்ரேமாக ஓட்டிவிடுவார்கள். படம் 4 சதவீதம் சுருங்கும். 182 நிமிடப் படம் பால் டிவிடியில் ஏறத்தாழ 175 நிமிடம்தான் காட்டும். அது வெட்டு இல்லை. அதே 175 ஒரு ப்ளூரேயில் 24 ஃப்ரேமில் இருந்தால் 7 நிமிடம் காணோம் என்று அர்த்தம். நடுவில் ஒரு பொறியும் உண்டு. பால் மாஸ்டரிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சிக்கு மாற்றிய டிவிடிகள் 175 என்றே காட்டும், ஆனால் எதுவும் வெட்டப்பட்டிருக்காது. கண்டுபிடிக்க வழி எளிது. யாராவது வேகமாகக் கை வீசும் இடத்தில் நிறுத்தி ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துங்கள். இரண்டு கைகள் நிழல்போல ஒன்றன்மேல் ஒன்று தெரிந்தால் அது முறை மாற்றிய பிரதி. சுருதியும் காட்டிக்கொடுக்கும். 25 ஃப்ரேமில் ஓட்டியதில் குரலும் இசையும் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அளவுக்கு ஏறியிருக்கும்.

மௌனப் படங்களில் வேகமே விவாதப்பொருள். லூயி புனுவேலும் சால்வதோர் தாலியும் எடுத்த 'ஆன் ஷியன் ஆந்தலூ' (1929) 24 ஃப்ரேமில் ஓட்டினால் 16 நிமிடத்தில் முடியும், 18 ஃப்ரேமில் ஓட்டினால் 21 நிமிடத்தைத் தாண்டும். இரண்டு நீளங்களும் டிஸ்க் அட்டைகளில் அச்சாகின்றன, இரண்டும் முழுப்படம்தான். அதில் கேட்கும் வாக்னர் இசையும் டாங்கோவும் 1960இல் புனுவேலின் மேற்பார்வையில் சேர்க்கப்பட்டவை. 1929இல் திரைக்குப் பின்னால் நின்று அவர் ஓட்டிய இசைத்தட்டுகளின் நினைவாக அவற்றைப் போட்டார். மாயா டெரனின் 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' 1943இல் ஒலியே இல்லாமல் வந்தது. தெய்ஜி இத்தோவின் இசை 1959இல் சேர்ந்தது. இசையோடு பார்த்தவரும் இல்லாமல் பார்த்தவரும் அந்தச் சாவி, கத்தி, மாடிப்படிக் காட்சிகளைப் பற்றிப் பேசினால் இரண்டு வேறு படங்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். இசையில்லாத வடிவத்தையும் தேடிப் பார்த்துவிடுங்கள். அந்தக் காட்சிகளின் தாளம் வெட்டுகளிலேயே இருப்பது அப்போது தெரியும்.

அலெஹாந்த்ரோ ஹொடொரோவ்ஸ்கியின் 'எல் டோப்போ' (1970), 'தி ஹோலி மவுண்டன்' (1973) இரண்டையும் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 'எல் டோப்போ' 1970 டிசம்பரில் நியூயார்க் எல்ஜின் திரையரங்கில் நள்ளிரவுக் காட்சியாகத் தொடங்கி மாதக்கணக்கில் ஓடியது. உரிமையை வைத்திருந்த ஆலன் கிளைனுக்கும் இயக்குநருக்கும் மனத்தாங்கல் வந்ததில் இரு படங்களும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முறையாகக் கிடைக்கவில்லை. சமரசத்துக்குப் பிறகு 2007இல்தான் நல்ல டிவிடி வந்தது. அதுவரை கைமாறியவை பெரும்பாலும் ஜப்பானிய லேசர்டிஸ்க்கிலிருந்து விஹெச்எஸ்ஸில் எடுத்த நகல்கள். ஜப்பானியத் தணிக்கைக்காக நிர்வாணம் வரும் இடங்களில் மூடுபனிபோல ஒரு மங்கல் பூசியிருப்பார்கள். நாடாவில் நகலின் நகல் எடுக்க எடுக்க அந்த மங்கல் படத்தின் தன்மையோடு கலந்துவிட்டது. ஒரு தலைமுறையே அந்த உருவில்தான் இந்தப் படங்களைப் பார்த்தது. அந்த நாடாவைத் தூக்கி எறியாமல் 2007 டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அது ஒரு படம் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதன் சாட்சி.

சர்ரியலிசமும் இந்தத் தேடலும் பிறப்பிலேயே உறவு. முதல் உலகப்போர்க் காலத்தில் சர்ரியலிச இயக்கத்தைப் பின்னால் தொடங்கிய ஆந்த்ரே பிரெத்தோனும் அவர் நண்பர் ஜாக் வாஷேயும் பிரான்சின் நான்ட் நகரில் என்ன படம் என்று பார்க்காமலேயே திரையரங்கில் நுழைவார்கள், சலித்ததும் எழுந்து அடுத்த அரங்குக்குப் போவார்கள். துண்டு துண்டாகப் பார்ப்பதில் கிடைத்த போதைதான் அவர்களுக்கு முக்கியம். ஜோசஃப் கார்னெல் இன்னும் ஒருபடி போனார். அவர் நியூயார்க்வாசி, பழைய படச்சுருள் சேகரிப்பவர். 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' (1931) என்ற சாதாரண ஹாலிவுட் படத்தின் 16 மிமீ பிரதி ஒன்று கையில் கிடைத்தது. கதையையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, நாயகி ரோஸ் ஹோபார்ட் வரும் துண்டுகளையும் வேறு சில சுருள்களின் துண்டுகளையும் ஒட்டி 19 நிமிடப் படம் செய்தார். 'ரோஸ் ஹோபார்ட்' என்று அவள் பெயரையே வைத்தார். 1936இல் ஜூலியன் லெவி கலைக்கூடத்தில் மௌனப் படத்தின் வேகத்துக்குக் குறைத்து, நீலக் கண்ணாடி வழியாகக் காட்டினார். பார்வையாளர்களில் இருந்த தாலி ஆத்திரத்தில் புரொஜெக்டரைத் தள்ளிவிட்டார். ஒரு சேகரிப்பாளரின் வெட்டும் ஒட்டும் மேசையிலேயே இந்த வகையின் முக்கியமான படம் ஒன்று உருவாகியிருக்கிறது. சேகரிப்பாளர்கள் இந்தப் படங்களோடு கொள்ளும் நெருக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நம் நாட்டிலும் இதே கதைதான். கமல் ஸ்வரூப் 1988இல் எடுத்த 'ஓம் தர்-ப-தர்' இந்தியாவில் திரையரங்குக்கு வந்தது 2014 ஜனவரியில். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகள் திரைவிழாக்களும் கைமாறிய மோசமான நகல்களும்தான் அதை உயிரோடு வைத்திருந்தன. ஜி. அரவிந்தனின் 'கும்மாட்டி' (1979) சர்ரியல் என்று முத்திரை குத்த முடியாத, ஆனால் அதற்கு மிக அருகில் நிற்கும் மலையாளப் படம். ஊருக்கு வரும் மாயக்காரன் குழந்தைகளை விலங்குகளாக மாற்றிவிடுவான். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதிகளைக் கொண்டுதான் 2021இல் அதைப் புதுப்பித்தார்கள். நல்ல நெகட்டிவ் இல்லாத இடத்தில், யாரோ பத்திரமாக வைத்த பிரதிதான் படம்.

இனி நடைமுறை. 16 மிமீ சுருள் விலைக்கு வந்தால் டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். காடி நெடி அடித்தால் சுருளின் அடித்தளமான அசிட்டேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. சிதையும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்திலிருக்கும் நல்ல சுருளுக்கும் பரவும். மூக்கை மட்டும் நம்பாமல் ஏ-டி பட்டை என்ற சோதனைத்தாளை டப்பாவுக்குள் ஒருநாள் வைக்கலாம். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் கவலை, மஞ்சளானால் உடனே ஸ்கேன் செய்துவிட வேண்டும். ஓரத்தில் காந்த ஒலிப்பட்டை உள்ள பிரதிகள் சீக்கிரம் கெடும், அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடு அந்த வினையைத் தூண்டும். துருப்பிடித்த தகர டப்பாவும் அதே கெடுதலைச் செய்யும்.

அடுத்து சுருக்கம். சுருளை மேசையில் தட்டையாக நீட்டி 100 ஃப்ரேம் தூரத்தை இரும்பு ஸ்கேலால் அளங்கள். முதல் துளையின் விளிம்பிலிருந்து நூற்றொன்றாவது துளையின் அதே விளிம்பு வரை. சுருங்காத பிரதியில் 762 மிமீ இருக்கும். 754க்குக் கீழே போனால் 1 சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது. புரொஜெக்டரின் நகம் துளையில் சரியாக விழாமல் படம் குதிக்கும், துளை கிழியும். 747க்கு வந்துவிட்டால் புரொஜெக்டரில் ஏற்றவே வேண்டாம். பற்சக்கரம் இல்லாத ஸ்கேனர் உள்ள லேபுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஓட்ட நேரம் கணக்கிட 16 மிமீக்கு நிமிடத்துக்கு 36 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 அடி ரீல் 11 நிமிடம், 1600 அடி ரீல் 44 நிமிடம். விற்பவர் சொல்லும் நேரத்தோடு ரீலின் அடிக்கணக்கு ஒத்துவராவிட்டால் காரணம் கேளுங்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. 1980களின் தொடக்கத்துக்கு முந்தைய ஈஸ்ட்மன் வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயமும் மஞ்சளும் மங்கி, படம் முழுக்க ரோஜா நிறமாகியிருக்கும். 1982க்குப் பின் வந்த எல்பிபி என்ற, சாயம் எளிதில் மங்காத வகைச் சுருளில் இது மிகக் குறைவு. சாயம் ஏற்றி அச்சிட்ட டெக்னிகலர் பிரதி ஏறக்குறைய மங்குவதே இல்லை, விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஓரத்தில் வரும் கோடாக் அடையாளங்களை வைத்து வருடம் சொல்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. அந்தக் குறிகள் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. நெகட்டிவின் குறி பிரதியிலும் பதிந்து வந்துவிடும் என்பதால் அது பிரதி எடுத்த வருடமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மிமீ சுருளானால் நைட்ரேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம். அது தீப்பற்றும், தண்ணீரிலும் அணையாது. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் கிடங்கு எரிந்தது நினைவிருக்கட்டும். அதை வீட்டில் வைக்கக் கூடாது, ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

சென்னை மாதிரி ஊரில் காற்றின் ஈரப்பதம்தான் முதல் எதிரி. 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், 30க்கும் 50க்கும் இடையில் வைத்திருப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் இரட்டை ஜிப் பையில் ஈரப்பதம் காட்டும் அட்டையோடு வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒருநாள் முழுக்கப் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். அவசரப்பட்டால் சுருள் மீது நீர் கோக்கும். பூஞ்சை பிடித்த சுருளைத் தண்ணீரால் துடைக்கவே கூடாது, படப்பூச்சு இளகிக் கையோடு வந்துவிடும்.

விஹெச்எஸ் வாங்கினால் முதலில் முதுகுப்பக்கத்து ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. ஜன்னல் வழியே நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை பிளேயரில் போட்டால் ஹெட் அழுக்காகி அடுத்த நாடாவும் கெடும். டிஜிட்டலாக மாற்ற எஸ்-வீடியோ வெளியீடுள்ள பிளேயரும், நாடாவிலிருந்து வரும் சமிக்ஞையின் நேரப் பிசகைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டரும் தேவை. இரண்டாவது இல்லாவிட்டால் படத்தின் மேல்விளிம்பு கொடிபோல வளையும். இழப்பில்லாத வடிவில் எடுத்தால் மணிக்கு 30 ஜிபி சுற்றிப் பிடிக்கும். எடுத்தபின் நாடாவை எறியாதீர்கள்.

டிஸ்க்கில் பார்க்க வேண்டியது தொழிற்சாலையில் அச்சடித்ததா, கணினியில் பதிவுசெய்து எரித்ததா என்பது. அடிப்பக்கம் ஊதா சாயலில் இருந்தால் வீட்டில் எரித்த டிவிடி-ஆர். தொழிற்சாலை டிஸ்க்கில் நடு வளையத்துக்கு அருகில் ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் நுண்ணிய குறி இருக்கும். நின்றுபோன பதிப்புகளில்தான் போலி அதிகம். இ. எலியாஸ் மெர்ஹிஜின் 'பிகாட்டன்' 2001 டிவிடி அப்படி நின்றுபோன ஒன்று. அந்தப் படத்தில் ஒரு நிமிடத்தை மறுபடி படம்பிடித்துப் பதப்படுத்த எட்டு முதல் பத்து மணி நேரம் ஆனதாம். திரை முழுக்கத் துகள்கள் கொதிக்கும். குறைந்த பிட்ரேட்டில் சுருக்கிய கோப்பில் அந்தத் துகள்கள் சதுரம் சதுரமாக உறைந்துவிடும். இணையத்தில் கிடைக்கிறதே என்ற கேள்விக்கு இந்த ஒரு படமே போதுமான பதில்.

ப்ளூரே வாங்கும் முன், எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியைப் பாருங்கள். இந்தியா சி, அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, பிரிட்டனும் ஐரோப்பாவும் பி. சில நிறுவனங்கள் பூட்டில்லாமல் வெளியிடுகின்றன, சில பூட்டுகின்றன. அட்டையில் உள்ள சிறு எழுத்தைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம். 4கே டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. போலந்து, செக் படங்களுக்கு லண்டனின் செகண்ட் ரன், சோதனைப் படங்களுக்குப் பாரிஸின் ரெ-வுவார் என்ற பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மூலத்திலிருந்து ஸ்கேன் எடுத்தார்கள் என்ற தகவலோடு வரும் பதிப்புக்கு இருநூறு முன்னூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.

வாங்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு குறிப்பேடு போடுங்கள். ஓட்ட நேரம், ஃப்ரேம் வேகம், படத்தின் அகல உயர விகிதம், எந்த மொழி எழுத்துப் பட்டியல், வசன வரிகள் படத்தோடு பதிந்தவையா தனியானவையா, முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் எவை. இரண்டாவது பிரதி வந்த அன்றைக்கு இந்தக் குறிப்புதான் உதவும். தொடக்கத்துக்குப் பராஜானோவின் படம் நல்லது. இரண்டு வடிவங்களும் சேர்ந்த ப்ளூரே பிரிட்டனில் வந்திருக்கிறது. மண்டலத்தைச் சரிபார்த்து வாங்கி, அர்மேனிய வடிவத்தை முதலில் பாருங்கள். மறுநாள் யூத்கேவிச் வடிவத்தை ஓட்டி, காட்சி மாறும் ஒவ்வொரு இடத்தையும் நேரத்தோடு இரண்டு பத்தியாக எழுதுங்கள். எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும்.